முட்டையா? மூர்த்தியா?

மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்திலே பாட்லியா என்பது ஒரு சிற்றூர். அவ்வூர் உழவர் சிலர், தம் நிலத்தில் கிடைத்த உருண்டைக் கற்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெய்வமெனப் போற்றி வந்தனர். காகர் பைரவர் என்று திருநாமமும் சூட்டினர். விளைநிலத்தைக் காப்பார், வீட்டு மாட்டைக் காப்பார், வரும் தீங்கைத் தடுப்பார் என்று நம்பினர். 2023ஆம் ஆண்டு, இலக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்து அறிஞர்கள் அந்தக் கற்களைக் கண்டனர், ஆராய்ந்தனர். வயலைக் காத்த மூர்த்தி, முட்டை என்று தெரிந்தது! ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தழை தின்று திரிந்த மாபெரும் டைனோசர் ஒன்று மண்ணைக் குழித்து இட்டுச் சென்ற முட்டை; குஞ்சு பொரியாமலே கல்லாகிப் போன முட்டை!

இனித் தமிழகத்திற்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டம், குன்னம். 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். மண்ணைத் தோண்டிய இடத்திலே பெரிய பெரிய உருண்டைக் கற்கள் தலைகாட்டின. பாதி மண்ணுக்குள்ளே, பாதி மண்ணுக்கு வெளியே. அவ்வளவுதான்! டைனோசர் முட்டை, டைனோசர் முட்டை என்று ஊர் முழங்கிற்று, கைப்பேசிகள் முழங்கின, செய்தி நாடு கடந்து சென்றது. புவியியல் கற்றோர் பார்த்துச் சொன்னார்கள்: முட்டையன்று இது, பழங்காலக் கடலின் அடியிலே படிந்த சேறு, அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் எச்சத்தைச் சுற்றி இறுகி உருண்ட கட்டி என்று. முழக்கம் அடங்கிற்று. ஆனால், முழக்கம் போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் விளக்கமும் போய்ச் சேர்ந்ததா?

அங்கே, முட்டையை மூர்த்தி என்றார்கள். இங்கே, முட்டையல்லாததை முட்டை என்றார்கள். பாட்லியா உழவனை எண்ணி நகைக்கிறான் நம் இளைஞன். நகைக்கட்டும்! ஆனால் குன்னத்துக் கல்லின் முன்னே அவன் நடந்துகொண்ட விதமென்ன? கற்பூரம் கொளுத்தவில்லை, உண்மை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அதுவும் உண்மை. யாரோ சொன்னார், நம்பினான். எவரோ படம் அனுப்பினார், பத்துப் பேருக்குப் பரப்பினான். கல்லைப் புரட்டிப் பார்த்தவர் உண்டா என்று கேட்டானா? முட்டையென்றால் ஓடு எங்கே என்று வினவினானா? அருகிலே வேறென்ன எச்சம் கிடந்தது, எந்தப் பாறையிலிருந்து எடுத்தார்கள் என்று ஒரு சொல் கேட்டானா? இல்லை, இல்லை, இல்லை! கேளாமற் கடவுளை நம்புவதற்குப் பெயர் மூடநம்பிக்கை என்றால், கேளாமல் டைனோசரை நம்புவதற்கு மட்டும் பகுத்தறிவு என்று பெயர் சூட்டிக்கொள்ளலாமா?

உழவனுக்காவது ஒரு சமாதானம் உண்டு. அவனுக்குச் சொல்வார் இல்லை. அவன் பாட்டனுக்கும் சொல்வார் இருந்ததில்லை. நமக்கோ, பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, நூலகம் உண்டு, விரலைத் தொட்டால் விரியும் அறிவுக் களஞ்சியம் உண்டு. அத்தனையும் இருந்தும் அயர்ந்து போவோமானால், யாரைப் பார்த்து யார் நகைப்பது?

தோழர்களே! மண்ணிலே புதைந்த உயிரெச்சம் எதுவும் தன்னை முழுதும் காட்டிக்கொண்டு வெளியே வருவதில்லை. சுண்ணாம்புப் பாறையிலே ஒரு வளைந்த கோடு தெரியும். களிமண்ணிலே ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். உடைந்த கல்லின் முகத்திலே பிறைபோல ஒரு வெண்கீற்று மின்னும். எஞ்சியதெல்லாம் உள்ளே, இருளிலே. வெளியே தெரியும் பாதியைப் பற்றிச் சண்டையில்லை. மறைந்திருக்கும் பாதியை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதிலேதான் சண்டையெல்லாம்! பக்தன் அதைக் கடவுளால் நிரப்புகிறான். வணிகன் அதை விலையால் நிரப்புகிறான். புகழ்ப்பித்தன் அதைப் பரபரப்பால் நிரப்புகிறான். பகுத்தறிவாளன் ஒருவன்தான், நிரப்புவதற்கு முன்னே, உளியை எடுத்து மெல்லத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறான். திறக்க வழியில்லையேல், தெரிந்த மட்டும் சொல்லி நிறுத்துகிறான்.

குன்னத்து உருண்டை எப்படிப் பிறந்தது என்பதைப் பார்ப்போம். கடலடிச் சேற்றிலே ஓர் உயிர் மடிந்து புதைகிறது. உடல் அழுகும்போது சுற்றியுள்ள நீரின் இயல்பு மாறுகிறது. நீரிலே கரைந்திருந்த சுண்ணாம்பு அவ்விடத்திலே படிந்து, சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. நாளாக நாளாக, மேலே குவியும் பாரத்தால் சுற்றுச் சேறெல்லாம் நசுங்குகிறது. முன்பே இறுகிவிட்ட கட்டி மட்டும் நசுங்காமல் நிற்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துக் கடல் விலகி, நிலம் எழும்பி, மழை பெய்து மென்மையான களிமண் கரைந்தோடும்போது உருண்டை வெளிப்படுகிறது. சிலவற்றை உடைத்தால் நடுவிலே அம்மோனைட்டு சுருண்டு கிடக்கும். சிலவற்றில் நடுப்பொருள் கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

முட்டையின் கதை வேறு. முட்டைக்கு ஓடு வேண்டும். உள்ளிருக்கும் கரு மூச்சுவிட ஓட்டிலே நுண்புழைகள் வேண்டும். மெல்லிய சீவலாக அறுத்து உருப்பெருக்கியின் கீழே வைத்தால், உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் படிகங்களின் ஒழுங்கு தெரிய வேண்டும். ஒரே வகை விலங்கு இட்டவை ஏறக்குறைய ஒரே அளவினவாக இருக்க வேண்டும். எலுமிச்சையளவு ஒன்று, பூசணியளவு ஒன்று, நெற்குதிரளவு ஒன்று என்று கிடந்தால், அத்தனையையும் இட்ட தாய் எது? அனைத்துக்கும் மேலாக, டைனோசர் முட்டையிட்டது தரையிலே. அம்மோனைட்டு வாழ்ந்தது கடலிலே. கடலடிச் சேற்றிலே அம்மோனைட்டுகளுக்கு நடுவே கூடு கட்ட டைனோசர் எப்படி வந்தது?

இத்தனை வினாக்களையும் கேட்ட பிறகே நர்மதைப் பள்ளத்தாக்கிலே முட்டை என்று சொன்னார்கள். 2023ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ஆய்வு, தார் மாவட்டத்திலே 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் எண்ணிக் காட்டியது. முட்டைகளின் குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர். அளவைப் பாருங்கள், எவ்வளவு சீராக இருக்கிறது! ஓட்டைப் பார்த்தார்கள், கூட்டைப் பார்த்தார்கள், பாறையைப் பார்த்தார்கள், அதன் பிறகே பெயர் சொன்னார்கள். பெயரை முதலிலே சொல்லிவிட்டுச் சான்றைப் பிறகு தேடுவது புராணிகர் முறை.

புராணிகர் என்றதும் நினைவுக்கு வருகிறது சாளக்கிராமம். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலே கிடைக்கும் கருங்கூழாங்கல். கல்லை உடைத்தால் உள்ளே சுருள் சுருளாக ஒரு வடிவம். அதைத் திருமாலின் சக்கரம் என்றார்கள். சக்கரத்தின் எண்ணிக்கைக்கும் வடிவுக்கும் ஏற்ப வாசுதேவன் என்றும் நரசிம்மன் என்றும் வகை பிரித்தார்கள். பெட்டியிலே வைத்துப் பாலாட்டினார்கள், நீராட்டினார்கள். பெண்ணும் சூத்திரனும் அதைத் தொடலாகாது என்று விதிவகுத்த நூல்களும் எழுந்தன. அந்தச் சக்கரம் என்ன? குன்னத்து உருண்டைக்குள் சுருண்டு கிடந்த அதே அம்மோனைட்டின் உறவினந்தான்! கணவாய் மீனுக்கு நெருங்கிய இனம். சுருண்ட ஓட்டுக்குள்ளே அறை அறையாகத் தடுத்துக்கொண்டு கடலிலே நீந்திய உயிர். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அடியோடு அழிந்துபோன இனம். இமயம் எழுவதற்கு முன்பு அங்கே கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

வேடிக்கையைக் கேளுங்கள். வச்சிரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தது என்று அவர்கள் கதையே கூறுகிறது! கல்லுக்குள்ளே ஓர் உயிரின் வேலை தெரிகிறது என்பது கதை கட்டியவன் கண்ணுக்கும் பட்டிருக்கிறது. கண் சரியாகத்தான் பார்த்தது. ஆனால் பார்த்த கண்ணை மேற்கொண்டு பார்க்கவிடாமல் கட்டிவிட்டது பக்தி. அந்த உயிர் எது, எங்கே வாழ்ந்தது, மலையுச்சிக்கு எப்படி வந்தது என்று அடுத்த வினாவைக் கேட்டிருந்தால், புவியியல் என்னும் கலை இந்த நாட்டிலேயே பிறந்திருக்காதா? வினாவைக் கேட்க வேண்டிய வாய், மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது!

இது நம் நாட்டுக்கு மட்டும் உற்ற நோய் என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்திலே விட்பி என்றோர் ஊர். அங்கும் அம்மோனைட்டு உண்டு. பாம்புகளைக் கன்னித்துறவி ஹில்டா கல்லாகச் சபித்தார் என்று கதை கட்டினார்கள். பாம்பென்றால் தலை எங்கே என்று யாரேனும் கேட்டுவிட்டால்? கடைக்காரர்கள் கல்லிலே பாம்புத்தலையைச் செதுக்கி விற்றார்கள்! தலையில்லாத கதைக்குத் தலை வைத்துக் கொடுத்தது வணிகம். பக்திக்கும் காசுக்கும் உள்ள உறவு, கடல் கடந்தாலும் மாறுவதில்லை.

படித்தவர்கள் அங்கே தப்பினார்களா? அதுவும் இல்லை. ஜூரிக் நகரத்து மருத்துவர் ஷாய்க்சர், இயற்கைநூல் வல்லவர், பெயர் பெற்ற அறிஞர். ஓனிங்கன் என்னுமிடத்துச் சுண்ணாம்புக் கல்லிலே தலையும் முதுகெலும்புமாக ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. பாதி தெரிந்தது; பாதி கல்லுக்குள்ளே மறைந்திருந்தது. 1726ஆம் ஆண்டு அவர் பறைசாற்றினார்: நோவா காலத்துப் பெருவெள்ளத்திலே மூழ்கி மாண்ட மனிதன் இவன், கடவுளின் சினத்துக்குச் சாட்சி இவன் என்று! மனித எலும்பை நாள்தோறும் பார்க்கும் மருத்துவரின் கண்ணை மறைத்தது எது? அவர் மனத்திலே முன்பே எழுதி வைத்திருந்த வேதக்கதை! மறைந்த பாதியைக் கதை நிரப்பிவிட்டது. தெரிந்த பாதியையும் திரித்துவிட்டது.

அந்தக் கல் பிற்காலத்திலே ஆலந்து நாட்டு ஹார்லெம் நகரத்து டெய்லர் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1811ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் குவியே அங்கே வந்தார். இது மனிதனன்று, பெரிய சாலமாந்தர், தவளைக்கு உறவான நீர்நில உயிர் என்பது அவர் கருத்து. கருத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனாரா? இல்லை. சாலமாந்தரின் எலும்புக்கூட்டுப் படத்தை அருகிலே வைத்துக்கொண்டார். என் கருத்து சரியென்றால் இந்த இடத்திலே முன்னங்கால் இருக்க வேண்டும் என்றார். உளியெடுத்துக் கல்லைச் செதுக்கினார். இருந்தது கால்! சொன்ன இடத்திலே, சொன்ன வடிவிலே இருந்தது! எண்பத்தைந்து ஆண்டுகள் பாவியாகக் கிடந்த அந்த ஏழை உயிருக்கு அன்றுதான் விடுதலை.

இங்கேதான் தோழர்களே, ஊன்றிக் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஷாய்க்சரும் மறைந்ததைப் பற்றிச் சொன்னார்; குவியேயும் மறைந்ததைப் பற்றிச் சொன்னார். வேறுபாடு என்ன? குவியே சொன்னது பொய்த்துப் போக இடமிருந்தது. காலில்லாமற் போயிருந்தால், கூடியிருந்தோர் முன்னே அவர் தலைகுனிந்திருப்பார். பொய்த்துப் போகக்கூடிய சொல்லைத் துணிந்து சொல்லி, எல்லாரும் காணச் சோதித்தலே அறிவியல். பைரவர் மாட்டைக் காப்பார் என்ற சொல் என்றைக்காவது பொய்க்குமா? மாடு பிழைத்தால் பைரவர் அருள். மாடு செத்தால் பைரவர் கோபம்! எது நடந்தாலும் தோற்காத சொல்லுக்கு வெற்றி ஏது?

“அறிவியலும்தான் தடுமாறுகிறது, இன்றைக்கொன்று சொல்கிறது, நாளைக்கொன்று சொல்கிறது. எங்கள் சாத்திரம் என்றைக்கும் மாறாது” என்று நம்மை மடக்க வருவார் உண்டு. தடுமாறுகிறது என்பதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. நம் அரியலூர் மண்ணிலேயே அதற்கொரு சான்று உண்டு. கல்லமேடு என்னுமிடத்திலே மணலும் களியும் கலந்த பாறையிலிருந்து கிடைத்த மாபெரும் எலும்புகளை, 1987ஆம் ஆண்டு யாதகிரி, அய்யாசாமி என்னும் புவியியலாளர் இருவர் உலகுக்கு அறிவித்தனர். பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். முதலிலே அதனை ஊனுண்ணி வகையிலே சேர்த்தார்கள். பின்வந்தோர் மறுத்து, இத்தகைய பேருடல் தழையுண்ணிக்கே உரியது என்றனர். வேறு சிலர், இது எலும்புதானா, கல்லாகிப் போன அடிமரமா என்றே ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க எலும்பைப் பார்க்கலாமென்றால், அது பாதுகாக்கப்படுவதற்கு முன்பே பொடிந்து போயிற்று! வரைபடங்களே எஞ்சின. 2022ஆம் ஆண்டு, தோண்டிய காலத்துப் புகைப்படங்கள் வெளியிடப்பட்டு, எலும்பே என்ற கருத்துக்கு வலிவு சேர்ந்தது. ஆயினும், அதன் அளவைப் பற்றிய வழக்கு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

இதிலே நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெயரிட்டவர்களையே பெயரைச் சொல்லி மறுக்கிறார்கள். மறுத்தவர்களைச் சபிப்பாரில்லை, ஊர்விலக்குச் செய்வாரில்லை. சான்று இன்னும் வேண்டும் என்கிறார்கள். சான்று வந்தால் கருத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். மாறாத சாத்திரம் என்று பெருமை பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கல்லமேட்டில் நின்ற பேருயிரைப் பற்றி அந்த மாறாத சாத்திரத்திலே ஒரு வரியும் இல்லை! வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டென்றால், அது வேறு. உலகத்தின் மிகப் பெரிய விலங்குகளிலே ஒன்றாக எண்ணப்படும் உயிரின் எலும்பு நம் கைக்கு வந்தது. நாம் அதைக் காக்கவில்லை. வெட்கம் அதற்காக!

அரியலூரும் பெரம்பலூரும் திருச்சியின் வடபகுதியும் சாதாரண நிலமல்ல. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிக் கடல் இங்கே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப்பெயர்களாலேயே இப்பாறைத் தொகுதிகளை உலகம் அழைக்கிறது. 1862ஆம் ஆண்டிலே பிளான்போர்டு இப்பகுதியின் பாறைகளை வகுத்து எழுதினார். ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த சிப்பியையும் சங்கையும் பவளத்தையும் பெரும் பெரும் தொகுதிகளிலே விவரித்தார். எங்கிருந்தோ வந்தவர்கள் படித்த ஏட்டை, அந்த ஏட்டின் மேலேயே குடியிருக்கும் நாம் திறந்து பார்த்தோமா?

திறந்து பார்க்கப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. காரையிலே கரம்பாகக் கிடக்கும் களிநிலத்தைப் பாருங்கள். துப்பாக்கிக் குண்டு போல, பழுப்பு நிறத்திலே, முனை கூரிய ஒரு துண்டு மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். இடி விழுந்த இடத்திலே பிறக்கும் கல் என்று ஐரோப்பாவிலே அதற்குக் கதை சொன்னார்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்து ஆரம் போல் நாலாபுறமும் படிக நார்கள் விரிகின்றனவா? அது பெலம்னைட்டு, கணவாய் இனத்து உயிரொன்றின் உள்ளுறுப்பு. அதே களிமண்ணிலே வெண்மையாக, நார்நாராக இன்னொரு பொருளும் கிடைக்கும். இனோசெராமஸ் என்னும் பெருஞ்சிப்பியின் உடைந்த ஓடும் நார்நாராக இருக்கும்; ஜிப்சமும் நார்நாராக இருக்கும். எது உயிர், எது வெறும் கனிமம்? விரல்நகத்தால் கீறுங்கள். ஜிப்சம் கீறலை ஏற்கும், சிப்பியோடு ஏற்காது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சிப்பியோடு நுரைத்தெழும், ஜிப்சம் வாளாவிருக்கும். நகமும் ஒரு சொட்டு அமிலமும் தீர்த்துவைக்கும் வழக்குக்குச் சோதிடனும் வேண்டாம், சொற்பொழிவாளனும் வேண்டாம்!

சுருண்ட ஓட்டின் ஒரு துண்டு மட்டும் பாறையிலே தெரிந்தால், மேலோடு தேய்ந்த இடத்திலே அறைச்சுவர்களின் ஓரத்தைத் தேடுங்கள். கோடு இலைவிளிம்பைப் போல நெளிந்து நெளிந்து, கிளைத்துக் கிளைத்து ஓடினால் அம்மோனைட்டு. மெல்ல வளைந்து நேராகச் சென்றால் நாட்டிலஸ். முழு உடலும் மறைந்திருந்தாலும் ஒரு கோடு போதும், இனத்தைச் சொல்ல. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லிலே ஏடு ஏடாக அடுக்கிய விளிம்பு தெரிந்தால், கிரைபியா என்னும் தடித்த சிப்பி உள்ளே இருக்கக்கூடும். கல்லின் பிளவிலே பெரணி இலை வரைந்தாற்போலக் கறுப்பு ஓவியம் தெரிந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். பிளவு வழியே ஊறிய நீரிலிருந்து மாங்கனீசு படிந்தும் அப்படிக் கிளைக்கும். இலையென்றால் நரம்பு வேண்டும், காம்பு வேண்டும். நரம்பில்லாத இலைக்கு நாம் ஏன் செடி தேட வேண்டும்?

சாத்தனூரிலே ஒரு கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் அளவு நீளம். 1940ஆம் ஆண்டு புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு உலகுக்குரைத்தார். மரமென்றால் காட்டிலே நின்றிருக்க வேண்டும் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். ஆனால் அது கிடப்பதோ கடல் சிப்பிகள் நிறைந்த பாறைகளின் நடுவே. ஆகவே, கரையிலே நின்ற மரம் நீரோடு அடித்துவரப்பட்டுக் கடலிலே மூழ்கிப் புதைந்தது என்று தெரிகிறது. மரத்தை மட்டும் பார்த்திருந்தால் பாதிக்கதை. மரத்தோடு கிடந்ததையும் பார்த்ததால் முழுக்கதை. எச்சத்தை இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து வீட்டு அலமாரியிலே வைப்பவன், அதன் பாதிக்கதையைக் கிழித்தெறிந்துவிடுகிறான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இதற்கெல்லாம் பட்டம் வேண்டாமா, பதவி வேண்டாமா, பெரிய இடத்துப் பிறப்பு வேண்டாமா என்று தயங்கும் தோழருக்கு ஒரு பெண்ணின் வரலாற்றைக் கூறுகிறேன். இங்கிலாந்தின் தென்கரையிலே லைம் ரீஜிஸ். சுண்ணாம்புக் கல் ஓர் அடுக்கு, களிமண் ஓர் அடுக்கு என்று மாறி மாறி எழுந்த கடற்பாறை. அங்கே தச்சன் ஒருவனுக்கு 1799ஆம் ஆண்டு மகளாகப் பிறந்தாள் மேரி ஆனிங். பதினொரு வயதிலே தந்தையை இழந்தாள். பாறை சரியும் கரையிலே எச்சம் பொறுக்கி விற்று வயிறு வளர்த்தது அக்குடும்பம். 1811ஆம் ஆண்டு அண்ணன் ஒரு தலையோட்டைக் கண்டான்; மறு ஆண்டு அவள் எஞ்சிய உடலைத் தேடிக் கண்டாள். இக்தியோசாரஸ் என்னும் கடல் ஊர்வன அது. 1823ஆம் ஆண்டு நீள்கழுத்துப் பிளீசியோசாரஸின் முழு எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தாள். இப்படியொரு கழுத்து இருக்குமா என்று குவியேயே ஐயுற்றார். ஆராய்ந்த பின் அவள் கண்டெடுத்தது மெய்யெனத் தெளிந்தது. கணவாயையும் மீனையும் தானே அறுத்துப் பார்த்து, கல்லிலே தெரியும் துண்டு உடலின் எந்தப் பகுதி என்று கற்றுக்கொண்டாள்.

அவள் எடுத்த எலும்புகளை வைத்துப் பெரிய மனிதர்கள் கட்டுரை படித்தார்கள். இலண்டன் புவியியல் கழகத்தின் கதவு அவளுக்குத் திறந்ததா? பெண் என்று மூடிற்று! 1847ஆம் ஆண்டு அவள் மாண்டாள். அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919ஆம் ஆண்டிலேதான். சாளக்கிராமத்தைப் பெண் தொடலாகாது என்றது இங்கே ஒரு கூட்டம். கல்லைத் தொட்டுக் கொடுக்கலாம், கழகத்துள் நுழையலாகாது என்றது அங்கே ஒரு கூட்டம். ஆனால் கல்லுக்குச் சாதி தெரியாது, பாலும் தெரியாது. பொறுமையாகப் பார்க்கும் கண்ணுக்கு அது தன்னைக் காட்டும். ஏழைத் தச்சன் மகளுக்குக் காட்டிற்று. உங்களுக்கும் காட்டும்.

காட்டுவதற்குக் கல் இருக்க வேண்டுமே! கல்லக்குடியை நினைவிருக்கிறதா? 1953ஆம் ஆண்டு, ஊருக்கு ஊரின் பெயரே வேண்டும் என்று தண்டவாளத்திலே தலைவைத்துப் போராடிய இடம். அந்த ஊரின் அடியிலே பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. அரியலூர்ச் சுற்றுப்புறமெங்கும் சிப்பிப் பாறைகள் கிடக்கின்றன. வெடி வைக்கிறார்கள், வாரி எடுக்கிறார்கள், 1,400 டிகிரி வெப்பத்துக்கும் மேலே சூளையிலே வேகவைத்துச் சிமெண்டாக்குகிறார்கள். சிமெண்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை; வீடும் வேண்டும், பாலமும் வேண்டும், தொழிலாளிக்குக் கூலியும் வேண்டும். வெடி வைக்கும் முன்னே அந்தப் பாறைமுகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு கண் பார்க்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்த ஏட்டை, ஒருமுறை புரட்டிக்கூடப் பாராமல் சூளைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

பெயருக்காக அன்று தலைவைத்தோம். பெயருக்குக் கீழே கிடக்கும் பொருளுக்காக இன்று தலைநிமிர்ந்து கேட்க வேண்டாமா? சுரங்கத்திலே புதுமுகம் வெட்டப்படும்போதெல்லாம் புவியியல் கற்றவர் ஒருவர் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். எச்சத்தைக் கண்டு சொல்லும் தொழிலாளிக்குப் பாராட்டும் பரிசும் வேண்டும். வேலை தடைப்படும் என்ற அச்சம் அவனுக்கு இருத்தலாகாது. அரியலூர், பெரம்பலூர்ப் பள்ளிகளிலே அம்மோனைட்டை ஏட்டுப் படத்திலே காட்டாமல் களிநிலத்துக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். வாரணவாசியிலே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகும் ஊர்கள் அங்கேயும் ஒருநாள் போய்வர வேண்டும்.

அடுத்த முறை ஓர் உருண்டை மண்ணிலிருந்து தலைகாட்டும். ஐயமில்லை, காட்டத்தான் போகிறது. ஒருவர் குங்குமம் எடுத்து வருவார். இன்னொருவர் கைப்பேசி எடுத்து வருவார். இருவருக்கும் நடுவே நம் இளைஞன் நிற்க வேண்டும். யார் எடுத்தது, எந்தப் பாறையிலிருந்து எடுத்தது, அருகே என்ன கிடந்தது, உடைந்த முகத்திலே என்ன தெரிகிறது, ஓடு எங்கே என்று கேட்க வேண்டும். இருந்த இடத்தைக் குறித்து வைத்து, கையை அடக்கி, கற்றவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். விடை வரும்வரை, முட்டை என்றும் சொல்லாமல், மூர்த்தி என்றும் சொல்லாமல், கல் என்று மட்டும் சொல்லிக் காத்திருக்கும் உறுதி அவனுக்கு வேண்டும். கூட்டம் கூச்சலிடும் வேளையிலே அப்படிக் காத்திருப்பது எளிதன்று, தோழர்களே! அந்த உறுதிக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.